சதவீதம் குறைஞ்சிடுச்சா? உதவித்தொகை நின்னுடுச்சா? மேல்முறையீடு செய்ய நமக்கு உரிமை உண்டு



சென்ற ஆண்டு ஆவணி மாதக் கூட்டத்தில் ஒரு குழுவின் ஊக்குநர் எழுந்து ஒரு குறை சொன்னார். "எங்க குழுவுல அந்த அக்கா ரெண்டு மாசமா தவணை கட்டல. கேட்டா பணம் வரல, பணம் வரலன்னே சொல்றாங்க. தீர்மானம் எழுதி அபராதம் போட்டுட்டோம்." அந்த அக்கா கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப் போனது. வயதான அம்மாவும் அவரும் மட்டும்தான் வீட்டில். மாதம் 1,500 ரூபாய் மாற்றுத்திறனாளி உதவித்தொகையை நம்பித்தான் குழுவில் ஆடு வாங்கக் கடன் எடுத்திருந்தார்.

நாங்களும் அன்றைக்கு அதைச் சரியாக விசாரிக்கவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். "ஆதார் இணைப்பு விட்டுப் போயிருக்கும், பேங்க்ல போய்ப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவரும் நொண்டி நொண்டி மூன்று முறை பேங்குக்கு நடந்தார். ஆதார் சரியாகத்தான் இருந்தது. ஐப்பசியில்தான் அவரை அழைத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போனோம். அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு ஒரே வரியில் பதில் சொன்னார்கள். "இவங்க ஊனம் 35 சதவீதம்தாம்மா. 40 இருந்தாதான் தகுதி. அதான் நிறுத்திட்டோம்."

பழைய அட்டையில் 50 சதவீதம் என்று இருந்தது. கால் அப்படியே இருக்கிறது. பிறகு எப்படி 35 ஆனது? யார் குறைத்தது? எந்தக் கடிதமும் வீட்டுக்கு வரவில்லையே!

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடி நாங்கள் அலைந்ததில் தெரிந்துகொண்டதை எல்லாக் குழுக்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறோம். ஏனென்றால் புதிய தனித்துவ அடையாள அட்டை, அதாவது யூ.டி.ஐ.டி. அட்டை எடுக்கும்போதும், தற்காலிகச் சான்றிதழைப் புதுப்பிக்கும்போதும் மறுபடியும் டாக்டர் பார்த்து சதவீதம் போடுகிறார்கள். அப்போது சிலருக்குக் கூடுகிறது, சிலருக்குக் குறைகிறது.

முதலில் எந்த முடிவு என்று பாருங்கள்

பணம் நின்றால் எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் ஓடுகிறோம். அதில்தான் மாதக்கணக்கில் நாள் போகிறது. பணம் நிற்க மூன்று விதமான காரணம் இருக்கலாம். மூன்றுக்கும் மூன்று வாசல்.

ஒன்று, யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை, பணம் வழியில் சிக்கியிருக்கிறது. வங்கிக் கணக்கு முடங்கியிருக்கலாம், ஆதார் மாறியிருக்கலாம். கை மெஷினோடு வரும் வங்கி முகவர் "வரல" என்று சொன்னதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கணக்குப் புத்தகத்தில் பதிவு போட்டுப் பாருங்கள்.

இரண்டு, சதவீதம் சரியாக இருக்கிறது, ஆனால் வருவாய்த் துறையில் உங்களுக்குத் தகுதி இல்லை என்று நிறுத்தியிருக்கிறார்கள். வீடு இருக்கிறது, சம்பாதிக்கும் மகன் இருக்கிறான், ஊரில் இல்லை என்று வி.ஏ.ஓ. அறிக்கை போயிருக்கலாம். இதற்கு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் பார்க்க வேண்டும். அவர் முடிவு சரியில்லை என்றால் கோட்டாட்சியர், அதற்கு மேல் மாவட்ட ஆட்சியர்.

மூன்றாவது, அந்த அக்காவுக்கு நடந்தது. மருத்துவர் போட்ட சதவீதமே குறைந்துவிட்டது. இதைத் தாசில்தாரிடம் எத்தனை முறை அழுது சொன்னாலும் அவரால் மாற்ற முடியாது. சதவீதம் அவர் போட்டதில்லை. சான்று கொடுத்த மருத்துவ அதிகாரியின் முடிவை எதிர்த்துத்தான் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

இந்த உரிமை மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ல் 59-வது பிரிவில் இருக்கிறது. சான்று வழங்கும் அதிகாரியின் முடிவில் மனக்குறை உள்ள யாரும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். இது சலுகை இல்லை, சட்டம். அலுவலகத்தில் பேசும்போது "59-வது பிரிவு" என்று சொல்லிப் பாருங்கள், பேசுகிற தொனியே மாறும். எங்களுக்கு மாறியது!

எத்தனை சதவீதத்துக்கு எந்தப் பணம்

இதைக் குழுவில் ஒருவராவது மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். சட்டப்படி பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதம் என்பது எல்லைக் கோடு. வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு 40 வேண்டும். இந்தத் தொகை 1,000-ல் இருந்து 1,500 ரூபாயாக 2023 ஜனவரியில் உயர்ந்தது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தனியாகத் தரும் பராமரிப்பு உதவித்தொகை வேறு. அது கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு, 75 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால். மனவளர்ச்சி குன்றியவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 40 இருந்தாலே போதும். ஒருவர் இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

ஆகவே 80 இருந்தது 70 ஆனாலும் நட்டம்தான். "70 இருக்கே, போதும்"னு சும்மா இருந்துவிடாதீர்கள். பெரிய தொகை போனாலும் வருவாய்த் துறைத் தொகைக்கு மனுப் போட வழி உண்டா என்று உடனே கேளுங்கள்.

எழுத்தில் வாங்குங்கள்

அந்த அக்கா விஷயத்தில் நாங்கள் செய்த முதல் நல்ல காரியம், வாயால் சொன்னதை எழுத்தில் கேட்டது. தகுதி இல்லை என்றால் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. உதவித்தொகையை நிறுத்தும் முன்பும் அறிவிப்புக் கொடுத்து, நம் பக்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்பது பொதுவான சட்ட நியதி. நடைமுறையில் பல பேருக்கு அந்த அறிவிப்பு வருவதில்லை, அல்லது வீட்டில் யாரோ வாங்கி ஓட்டில் செருகி வைத்துவிடுகிறார்கள். அதையும் தேடிப் பாருங்கள்.

கேட்டும் கொடுக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கவே இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் அதற்கான சான்று வைத்தால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். நாங்கள் இரண்டே விஷயம் கேட்டோம். உதவித்தொகை நிறுத்திய ஆணையின் நகல் ஒன்று. மருத்துவ முகாமில் அளவு எழுதிய தாளின் நகல் ஒன்று.

இரண்டாவது தாள்தான் கண்ணைத் திறந்தது. கால் ஊனத்தை அளக்கும்போது மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம், கால் எவ்வளவு குட்டை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். அந்த அக்காவின் தாளில் கணுக்காலுக்கு மட்டும் எழுதியிருந்தது. இடுப்பு மூட்டுக்கான இடமும் கால் குட்டைக்கான இடமும் காலியாகக் கிடந்தன. முகாம் அன்றைக்குக் கூட்டம் தள்ளியதாம். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை என்றார். பழைய சான்றிதழையும் அவர் எடுத்துப் போகவில்லை. டாக்டர் வேண்டுமென்றே செய்தார் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் காலியான அந்த இரண்டு இடத்துக்கு விலை மாதம் 1,500 ரூபாய்.

மனு எழுதுவது

"என் நிலைமை ரொம்பக் கஷ்டம், கருணை காட்டுங்க" என்று எழுதினால் படிக்கிறவர் மனம் இரங்கலாம், சதவீதம் இரங்காது. எது தவறு என்று எழுத வேண்டும். நாங்கள் எழுதியதை அப்படியே மாதிரியாகத் தருகிறோம்.

அனுப்புநர்: பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், முழு முகவரி, அடையாள அட்டை எண், செல் எண்.
பெறுநர்: மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள் (மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் வழியாக).
பொருள்: ஊனச் சதவீதம் குறைத்து மதிப்பிட்டது, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 பிரிவு 59-ன் கீழ் மேல்முறையீடு செய்வது தொடர்பாக.
ஐயா / அம்மா,
எனக்கு ........ தேதியிட்ட சான்றிதழில் 50 சதவீதம் ஊனம் என வழங்கப்பட்டிருந்தது. ........ தேதி நடந்த முகாமில் 35 சதவீதம் எனக் குறைத்துள்ளார்கள். என் உடல்நிலையில் எந்த முன்னேற்றமும் இல்லை. முகாமில் என் இடுப்பு மூட்டையும் கால் குட்டையாக இருப்பதையும் அளக்கவில்லை. அளவுத் தாளின் நகல் இணைத்துள்ளேன். ஆகவே என்னை மருத்துவக் குழு முன் மறுபடியும் பரிசோதித்து, சரியான சதவீதத்துடன் சான்று வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மீண்டும் அதே சதவீதம் எனில் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.
இணைப்பு: பழைய சான்று, புதிய சான்று, அளவுத் தாள், எக்ஸ்ரே, மருத்துவச் சீட்டுகள் (எல்லாம் நகல்).

உங்கள் மாவட்டத்தில் மேல்முறையீட்டைப் பார்க்கும் அலுவலர் யார் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு, பதவிப் பெயரைத் தாளில் எழுதி வாங்கி வாருங்கள். காலக்கெடுவையும் அப்போதே கேளுங்கள். நம் கூட்டமைப்பில் முடிவு தெரிந்த 30 நாளுக்குள் மனு போய்விட வேண்டும் என்று நாமே ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். நாள் கடந்துவிட்டால் ஏன் தாமதம், எப்போதுதான் தெரியவந்தது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். தாமதம் ஆகிவிட்டதே என்று மனுவே போடாமல் விட்டுவிடக் கூடாது.

நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். தபாலில் என்றால் ஸ்பீடு போஸ்ட் (பழைய பதிவுத் தபாலை 2025-ல் அதோடு சேர்த்துவிட்டார்கள்). ரசீதைத் தீர்மான நோட்டில் ஒட்டி வையுங்கள். அசல் சான்றிதழை எந்த மேஜையிலும் விட்டு வரக் கூடாது. ஒரு பெண்மணி அசலைக் கொடுத்துவிட்டு நாலு மாதம் அலைந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அதே நாளில் தனி வட்டாட்சியருக்கும் ஒரு மனு கொடுங்கள். "சதவீதத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்துள்ளேன், நகல் இணைத்துள்ளேன், முடிவு வரும்வரை என் பெயரை நீக்காமல் உதவித்தொகை வழங்க வேண்டும்" என்று. கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். ஆனால் பின்னால் நிலுவை கேட்க அந்தத் தேதி உதவும்.

டாக்டர் முன்னால் போகும் நாள்

நம் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் கேட்டாலும் "நல்லா இருக்கேன், எல்லாம் நானே செஞ்சுக்குவேன்" என்போம். அந்த அக்காவும் முகாமில் அப்படித்தான் சொன்னாராம். மற்ற இடத்தில் அது பெருமை. மருத்துவக் குழு முன்னால் எது முடியும், எது முடியாது, எதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். கூட்டிச் சொல்லவும் வேண்டாம். அளந்து பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

பிள்ளையைக் கூட்டிப்போகும் தாய்மார்களுக்கு இது இன்னும் முக்கியம். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு அறிவுத்திறன் சோதனை மட்டும் இல்லை, அன்றாட வேலைகளை எந்த அளவுக்குச் செய்கிறது என்பதையும் அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறார்கள். நாலு பேர் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராமல், "சாப்பிடுவான் சார், குளிப்பான் சார், கடைக்குப் போவான் சார்" என்று ஒரு தாய் சொன்னார். வெளியே வந்த பிறகு நாங்கள் கேட்டோம். சோறு பிசைந்து வைத்தால் சாப்பிடுவான், தண்ணீர் மொண்டு ஊற்றினால் குளிப்பான், கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் கடைக்கு வருவான்! இந்த "பிசைந்து வைத்தால்", "ஊற்றினால்", "பிடித்தால்" மூன்றையும் உள்ளே சொல்லியிருக்க வேண்டும். அதனால் இப்போதெல்லாம் போவதற்கு ஒரு வாரம் முன்பே, காலை எழுந்ததில் இருந்து பிள்ளைக்கு எதெதற்கு உதவி செய்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதச் சொல்கிறோம். எழுதத் தெரியாதவருக்குக் குழுவில் படித்த பெண் எழுதிக் கொடுக்கட்டும்.

மனநோய்க்கும் இப்படித்தான். தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது என்று நாலு விஷயத்தைப் பார்த்து, எத்தனை வருடமாக நோய் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். மாத்திரைச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வருடக்கணக்குக்கு அதுதான் சாட்சி.

ஜெயிக்காத மனுவும் உண்டு

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இன்னொரு குழுவில் ஒரு சகோதரிக்கு ஒரு கண் முழுதாகப் பார்வை போய்விட்டது. அவருக்கு 30 சதவீதம் போட்டார்கள். "ஒரு கண்ணே போயிடுச்சு, வெறும் முப்பதா?" என்று அவர் அழுதபோது எங்களுக்கும் ஆத்திரம்தான் வந்தது. ஆனால் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டியில் மற்றக் கண் நன்றாக இருந்தால் 30 என்றுதான் இருக்கிறது. டாக்டர் மேல் தப்பில்லை. அந்த அளவுகோல் நியாயமா என்பது வேறு கேள்வி. எங்கள் அபிப்பிராயத்தில், நூல் கோர்க்கும், களை பறிக்கும் பெண்ணுக்கு ஒரு கண் போனால் பாதிப் பிழைப்பு போகிறது. ஆனால் மேல்முறையீட்டில் அதைச் சொல்லி ஜெயிக்க முடியாது. அவர் கணவரை இழந்தவர் என்பதால் விதவை உதவித்தொகைக்கு மனு எழுதினோம்.

காது கேளாமைக்கும் சட்டத்தில் இரண்டு காதையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது. ஒரு காது மட்டும் கேட்காதவர்கள் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, மறுபரிசோதனையில் சதவீதம் கூடும் என்று நிச்சயம் இல்லை. அப்படியே இருக்கலாம், குறையவும் செய்யலாம். பழைய தாள்களைப் பார்த்து, எது விட்டுப்போனது என்று கை வைத்துக் காட்ட முடிந்தால் தைரியமாகப் போகலாம்.

மேல்முறையீட்டிலும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம். உரிமை மறுக்கப்பட்ட புகார்களை விசாரிக்கும் அதிகாரம் சட்டப்படி அவருக்கு இருக்கிறது. கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் தருவார்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமலே அந்த உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் புரோக்கர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "அஞ்சாயிரம் குடும்மா, அறுபது போட்டு வாங்கித் தரேன்" என்பார்கள். பொய்யாக உதவி பெற்றால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று அதே சட்டத்தின் 91-வது பிரிவு சொல்கிறது. மாட்டும்போது புரோக்கர் இருக்க மாட்டான், நாம்தான் நிற்போம்.

அந்த அக்காவின் கதை

கார்த்திகையில் மனுக் கொடுத்தோம். தையில் மருத்துவக் குழு முன் வரச் சொன்னார்கள். பழைய எக்ஸ்ரேயை நெல் மூட்டைக்குப் பின்னால் இருந்து தேடி எடுத்தார் அவர் அம்மா. இந்த முறை டேப் வைத்துக் காலை அளந்தார்கள். 45 சதவீதம் என்று புதிய சான்று வந்தது.

சான்று வந்ததும் பணம் தானாக வந்துவிடும் என்று காத்திருந்தோம். பங்குனி முடிந்தும் வரவில்லை! ஆஸ்பத்திரியில் திருத்தியது தாலுகா அலுவலகத்துக்குத் தானாகப் போய்ச் சேரவில்லை. புதிய சான்றின் நகலோடு தனி வட்டாட்சியருக்கு மறுபடி மனு எழுதி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்த பிறகுதான் வைகாசியில் முதல் பணம் ஏறியது. நின்றுபோன மாதங்களின் நிலுவைத் தொகை இன்னும் வரவில்லை. அதற்குத் தனியாக மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு நம்மிடம் இருக்கிறது. நினைவூட்டல் கடிதமும் போயிருக்கிறது.

அவர் குழு, போட்ட அபராதத்தைத் தீர்மானம் எழுதி ரத்து செய்தது. தவணைக் காலத்தையும் பத்து மாதம் நீட்டிக் கொடுத்தார்கள். அபராதம் எழுதிய அதே ஊக்குநர்தான் மருத்துவக் குழு நாளன்று தன் கூலி வேலையை விட்டு அவரோடு போனார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் குழுவில் மாற்றுத்திறனாளி அட்டை உள்ளவர்கள் எல்லாருடைய அட்டை நகலையும் கொண்டுவாருங்கள். உறுப்பினரின் பிள்ளையோ மாமியாரோ என்றாலும் பரவாயில்லை. சதவீதம், நிரந்தரமா தற்காலிகமா, தற்காலிகம் என்றால் எந்தத் தேதியோடு முடிகிறது என்ற மூன்றையும் பதிவேட்டில் ஏற்றப் போகிறோம். கெடு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே பழைய சான்று, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி வைத்துவிடலாம். ஜெராக்ஸ் செலவைக் கூட்டமைப்பு ஏற்கும்.